குறைத்த சிகரெட்டின் காசு எங்கே போகிறது?

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "சம்பளம் 30,000. ஒரு நாளைக்கு 12 சிகரெட், ஒன்று 20 ரூபாய். ஒரேயடியாக விட இரண்டு தடவை முயன்று தோற்றுவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? போன வருஷம் 12ஐ 7 ஆக்கி மூன்று மாதம் ஓட்டினேன். ஆனால் கையில் ஒரு பைசாகூட நிற்கவில்லை. அது ஏன்?"

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 சிகரெட் குறைத்தீர்கள். நாளுக்கு 100 ரூபாய், மூன்று மாதத்துக்கு 9,000. அந்த 9,000 உங்களிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை. யாரும் திருடவில்லை. 20 ரூபாய் 20 ரூபாயாகப் பிரிந்து வந்த காசு, வந்த மாதிரியே பிரிந்து போய்விட்டது. சாயங்காலம் ஒரு வடை, ஒரு பஜ்ஜி, பைக்குக்கு 50 ரூபாய் கூடுதலாகப் பெட்ரோல். புகைக்காமல் தப்பித்த காசு சட்டைப் பையிலேயே கிடந்தால் அதற்கு ஆயுசு ஒரு நாள்தான்.

நான் மதுரையில் மெடிக்கல் ஷாப் நடத்துபவன். 17 வருஷம் புகைத்தேன், 2014இல் விட்டேன். விடுவதற்கு முன் நானும் குறைத்துப் பார்த்தவன்தான், அதுவும் ஒரு தடவை இல்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, சிகரெட்டை நிறுத்த உதவும் நிகோட்டின் கம் விற்றிருக்கிறேன், அந்தப் பக்கம் நின்று தீப்பெட்டி கேட்டும் இருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும்.

முதலில் உங்கள் செலவு. 12 பெருக்கல் 20, நாளுக்கு 240. மாதம் 7,200, வருஷம் 87,600. சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. 2016-17இல் மத்திய அரசு நடத்திய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், தினமும் சிகரெட் பிடிப்பவர் மாதம் சராசரியாக 1,190 ரூபாய் சொச்சம் செலவழிப்பதாக வந்தது. நீங்கள் அதைப் போல ஆறு மடங்கு. விலையும் அன்றைக்கு இருந்தது இல்லை, உங்கள் எண்ணிக்கையும் சராசரி இல்லை.

இந்த 7,200 கூட முழுக் கணக்கு இல்லை. நான் பிடித்த காலத்தில் தெருமுனைப் பெட்டிக்கடையில் எனக்கு நோட்டு இருந்தது. பாதி கிழிந்த நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே என் பெயருக்குப் பதிலாக 'மெடிக்கல்' என்று எழுதியிருக்கும். பைக் திரும்புவதைப் பார்த்ததுமே கடைக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்து மிட்டாய் ஜாடியின் மூடி மேல் வைத்துவிடுவார். கேட்க வேண்டிய வேலையே இல்லை. ஒரு மாதக் கடைசியில் 2,900 சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. ஒன்று 8 ரூபாய், பணம் கொடுத்து வேறு இடங்களில் வாங்கியது போக இங்கே மட்டும் இவ்வளவு எப்படி வரும்? உட்கார்ந்து நோட்டைப் படித்தேன். சிகரெட் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதி எல்லாம் டீ, பக்கத்தில் நின்றவருக்கு வாங்கிக்கொடுத்த சிகரெட், வாய் நாற்றத்துக்கு ஹால்ஸ், இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைகிற லைட்டர். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான்தான் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு பரிவாரம் வைத்திருந்தேன்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், குறைக்காமல் ஒரு வாரம் எண்ணுவது. விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி பாக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மணி, இடம், கூட வாங்கியது என்ன, அந்த நேரத்தில் அது எவ்வளவு தேவைப்பட்டது. தேவைக்கு 1, 2, 3 என்று மார்க் போட்டால் போதும். போனில் குறிக்கலாமா என்று கேட்பார்கள். குறிக்கலாம், ஆனால் போனை எடுத்தால் வாட்ஸ்அப் பார்ப்போம், குறிக்க மறந்துவிடும். அட்டைதான் நல்லது.

வாரக் கடைசியில் அட்டையைப் பார்த்தால் ஒன்று புரியும்: 12ம் ஒரே சாதி இல்லை. காலையில் எழுந்ததும் பிடிப்பது, சாப்பாட்டுக்குப் பின் பிடிப்பது இரண்டும் உடம்பு கேட்பவை. நிகோட்டின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் அது வடிந்துபோயிருக்கும், அதனால்தான் காலைச் சிகரெட்டுக்கு அவ்வளவு அவசரம். ஆனால் பஸ் வரும்வரை பிடிப்பது, நண்பர் பற்ற வைத்தார் என்பதற்காகப் பிடிப்பது, போன் பேசும்போது பிடிப்பது, இதெல்லாம் கைதான் கேட்கிறது. அன்று ராத்திரி யோசித்தால் அவற்றைப் பிடித்த ஞாபகமே இருக்காது. ஞாபகத்தில் நிற்காத சிகரெட்டுக்கும் அதே 20 ரூபாய்தான்.

வெட்ட வேண்டியது முதலில் அவற்றைத்தான். காலைச் சிகரெட்டை முதலில் நிறுத்து என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிகக் கடினமானதை முதலில் தொட்டு, மூன்றாம் நாளே தோற்று, "நம்மால் ஆகாது" என்று பழைய கணக்குக்குப் போனவர்கள் என் கடைக்கே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காலைச் சிகரெட்டை நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். இந்த வாரம் அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம். எழுந்த அரை மணிக்குள் பிடிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் பழக்கம் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் கம் வாங்கும்போது இந்தத் தகவல் தேவைப்படும்.

வெளியே யாரும் பேசாத ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். "காலையில் அது இல்லாட்டி வயிறு இளகாது சார்" என்பது என் கடையில் வாரம் ஒரு முறையாவது காதில் விழும் வசனம். பொய் இல்லை. நிகோட்டின் குடலைத் தூண்டும், அது குறையும்போது சிலருக்கு மலச்சிக்கல் வரும். இரண்டு மூன்று வாரம் ராத்திரி இரண்டு நாட்டு வாழைப்பழம், காலையில் ஒரு செம்பு வெந்நீர். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், நாலாம் நாள் வயிற்றைச் சாக்கு வைத்து திரும்பிவிடுவீர்கள்.

அடுத்து, எப்படி வாங்குவது. பாக்கெட்டாக வாங்கினால் ஒத்தையாக வாங்குவதைவிட ஒன்றுக்குக் கொஞ்சம் மலிவு, அதனால் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பாக்கெட்டுக்குப் போவார்கள். குறைக்கிற காலத்தில் இது தப்பு. பாக்கெட் கையில் இருந்தால் அது தீரும்வரை கை அங்கேதான் போகும். ஒத்தையாக வாங்கலாம் என்றால் ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போக வேண்டும், கடைக்குப் போனால் டீ, டீ என்றால் நண்பர், நண்பர் என்றால் இன்னொன்று. நான் கண்ட வழி கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். என் மகளின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டேன். அன்றைய பங்கை மட்டும் அதில் எண்ணிப் போட்டு, பாக்கெட்டின் மிச்சத்தை வீட்டில் அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்புவேன். அழிரப்பர் வாசனையும் புகையிலை வாசனையும் கலந்து ஒரு மாதிரி இருக்கும். நாலு பேர் நடுவில் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து சிகரெட் எடுக்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கமே தினம் ஒன்றைக் குறைத்தது.

இனி காசு. எவ்வளவு குறைத்தீர்களோ அதன் பணத்தை அன்று ராத்திரியே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாதக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாற்றுவதற்கு எதுவும் இருக்காது. அதுதான் உங்கள் 9,000க்கு நடந்தது. தினசரிச் செலவுக்கு வைத்திருக்கும் கணக்கிலிருந்து, ஏடிஎம் கார்டோ ஜிபேயோ இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்புங்கள். இன்று 9 பிடித்தால் 60 ரூபாய், 6 பிடித்தால் 120. போன் வேண்டாம் என்றால் உண்டியல். எந்த வழியானாலும் படுக்கப்போகும் முன் அது நடந்திருக்க வேண்டும். இன்னொன்று, எல்லாச் சிகரெட்டையும் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். கியூஆர் கோடு ஸ்கேன் செய்து 20 அனுப்புவது வலிக்காது. காலையில் 200 ரூபாய் நோட்டோடு கிளம்பி சாயங்காலம் அதில் சில்லறை மட்டும் மிஞ்சியிருந்தால் வலிக்கும். கடையில் நோட்டு இருந்தால் இந்த வாரமே பாக்கியைத் தீர்த்து மூடச் சொல்லுங்கள். நான் மூடச் சொன்னபோது கடைக்காரர், "என்ன மெடிக்கல், கோபமா?" என்றார்.

எந்த வேகத்தில் குறைக்கலாம்? உங்களுக்கு நான் போடும் கணக்கு இது. முதல் வாரம் 12, வெறும் எண்ணிக்கை. அடுத்த இரண்டு வாரம் 9. அதற்கடுத்த இரண்டு வாரம் 6. ஆறாவது வாரம் 4. ஏழாவது வாரத்தின் முதல் நாள் பூஜ்யம். இந்த ஆறு வாரத்தில் சேர்வது: 9 பிடிக்கும் காலத்தில் 840, 6 பிடிக்கும் காலத்தில் 1,680, 4 பிடிக்கும் வாரத்தில் 1,120. மொத்தம் 3,640 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் இதை வைத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஏன் பூஜ்யம்? 4இல் நின்றால் போதாதா? "பன்னிரண்டை நாலாக்கிட்டேன், பணமும் மிச்சம், உடம்புக்கும் பரவாயில்லை" என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் 5இல் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். மூன்று காரணத்தால் அது நிற்காது.

ஒன்று, எண்ணிக்கை குறையும்போது இழுப்பு மாறும். 12 பிடிக்கும்போது பாதியில் காலடியில் போட்டு மிதித்திருப்பீர்கள். 5 ஆனதும் பஞ்சு சுடும்வரை இழுப்பீர்கள், ஆழமாக இழுப்பீர்கள், புகையை உள்ளே பிடித்து வைப்பீர்கள். மூளை தனக்குப் பழகிய நிகோட்டினை இருக்கிற ஐந்திலிருந்தே கறந்துகொள்ளப் பார்க்கும். சிகரெட் பாதியானதால் உள்ளே போவதும் பாதியாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இதைவிடக் கசப்பானது: நாளுக்கு 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி. புற்றுநோய்க் கணக்கு வேறு, அங்கே குறைப்பதற்கும் ஓரளவு பலன் உண்டு. இதயம் அந்தத் தள்ளுபடியைத் தருவதில்லை.

இரண்டு, விலை. சிகரெட்டுக்கு வரி அதன் நீளத்தைப் பார்த்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்று போடுவது, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஏறுமுகத்தைத் தவிர நான் பார்த்ததில்லை. பட்ஜெட்டுக்கு முந்தின வாரம் எங்கள் கடைக்காரர் பழைய விலைச் சரக்கைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைப்பார், அவ்வளவு உறுதி அவருக்கு. என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் நாளுக்கு 15, ஒன்று 8 ரூபாய், ஆக 120. இன்று ஒன்று 20. நான் விடாமல், கஷ்டப்பட்டு 15ஐ 6 ஆக்கியிருந்தால் இன்றைய செலவு எவ்வளவு? அதே 120. ஒன்பது சிகரெட்டைத் தியாகம் செய்து ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடித்திருக்க மாட்டேன். குறைத்துவிட்டு நின்றவருடைய சேமிப்பை விலையேற்றம் பின்னால் வந்து தின்றுவிடும்.

மூன்று, 4 என்பது நிலையான இடம் இல்லை. ஆபீஸில் ஒரு கெட்ட வாரம், வீட்டில் ஒரு சண்டை, 4 மறுபடி 9 ஆகும். உங்களுக்கே 7 மறுபடி 12 ஆகியிருக்கிறது.

சரி, குறைத்து விடுவது நல்லதா, ஒரேயடியாக விடுவது நல்லதா? நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதி குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். இன்னொரு பாதி இரண்டு வாரத்தில் முக்கால்வாசி குறைத்து, பிறகு குறித்த நாளில் நிறுத்தினார்கள். ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள், ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதம், குறைத்து விட்டவர்களில் 15.5 சதவீதம். ஒரேயடியாக விடுவதுதான் முந்துகிறது. ஆனால் அந்த இரண்டு கூட்டத்துக்கும் நிகோட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். நீங்கள் தோற்ற இரண்டு தடவையும், எழுதியிருப்பதைப் பார்த்தால் வெறும் கையோடு போயிருக்கிறீர்கள். 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், உடனே விட முடியாது என்று சொன்ன 1,510 பேரை எடுத்தார்கள். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரையோ, மருந்தே இல்லாத போலி மாத்திரையோ கொடுத்து, 4 வாரத்தில் பாதி, 8 வாரத்தில் கால், 12 வாரத்தில் பூஜ்யம் என்று இறக்கினார்கள். நிஜ மாத்திரை எடுத்தவர்களில் கணிசமானோர் விட்டார்கள், போலி மாத்திரைக்காரர்களைவிட நாலு மடங்குக்கு மேல். ஆகவே குறைத்து விடுவது ஏமாற்று வேலை இல்லை. பூஜ்யத்துக்கு நாள் குறிக்க வேண்டும், துணைக்கு மருந்து வேண்டும்.

அந்த 3,640 ரூபாய்க்கு வேலை இங்கேதான். அதில் கம் வாங்குங்கள். 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும், ஒன்றின் விலை நீங்கள் பிடிக்கும் சிகரெட்டைவிடக் குறைவு. எழுந்த அரை மணிக்குள் பிடிப்பவராக இருந்தால் 2 போதாமல் போகலாம், 4 மில்லிகிராமைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய், கர்ப்பம் என்றால் எந்த அளவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான். என் கடையில் கம் வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் மறுநாள் திட்டிக்கொண்டு வருவார்கள்: விக்கல், நெஞ்செரிச்சல், தொண்டை காரம். காரணம் ஒன்றுதான், பப்பிள்கம் மாதிரி மென்று விழுங்குகிறார்கள். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள், மிளகு கடித்த மாதிரி சுறுசுறுவென்று வரும். உடனே நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுறுசுறுப்பு அடங்கினால் மறுபடி மெல்லுங்கள், இடம் மாற்றி வையுங்கள். அரை மணி நேரம் இப்படி. நிகோட்டின் வாய்த் தோல் வழியாகத்தான் ஏறுகிறது, விழுங்கினால் வயிற்றுக்குத்தான் தொந்தரவு. காபியோ ஜூஸோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. முக்கியமாக, ஆசை உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். சிகரெட் மாதிரி பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போகாது, நேரம் எடுக்கும். அட்டையில் 3 மார்க் வாங்கிய மணிகள் தெரியுமல்லவா, அதற்குக் கால் மணி முன்பே போடுங்கள். வாரெனிக்லின், புப்ரோபியான் போன்ற மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டோடுதான். பாக்கெட்டில் பயமுறுத்தும் படத்துக்குப் பக்கத்திலேயே 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கும், அதில் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும்.

காபி என்றதும் ஞாபகம் வந்தது. சிகரெட் புகை, உடம்பு கஃபீனை வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. விட்டதும் அந்த வேகம் போய்விடும், பழைய நாலு காபி இப்போது ஏழெட்டு காபியின் வேலையைப் பார்க்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும். சிகரெட்டை விட்டதால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார்கள். நிறுத்தும் வாரத்தில் காபி, டீயைப் பாதியாக்குங்கள், அதுவும் காசுதானே. இதே காரணத்தால் தியோஃபிலின், க்ளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்து எடுப்பவர்கள் சிகரெட்டை விடும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

மலிவுக்கு மாறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 ரூபாய் சிகரெட்டிலிருந்து பீடிக்குப் போனால் மாதம் ஆயிரக்கணக்கில் மிச்சம் என்று உங்கள் மனசு கட்டாயம் கணக்குப் போடும். பீடி இலையில் சுற்றியது, நன்றாக எரியாது, அணையாமல் இருக்கவே அடிக்கடி இழுக்க வேண்டும். புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதல். 'லைட்ஸ்' சிகரெட் என்பது இழுப்பை ஆழமாக்குவதற்கு இன்னொரு பெயர். மின் சிகரெட் விற்பனை 2019 முதல் இந்தியாவில் தடை, கள்ளச்சந்தையில் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

பூஜ்யத்துக்கு வந்தபின் பணம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நாளுக்கு 60, 120 என்று துளித்துளியாக இருந்தது மாதம் 7,200 என்ற ஒரே தொகையாகிவிடும். ஒரே தொகைக்குத்தான் தவணை கட்ட முடியும். போஸ்ட் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்டி, அதாவது மாதத் தவணைச் சேமிப்பு, போடுங்கள். 2023 அக்டோபரில் வந்த 6.7 சதவீத வட்டிக்கு, மாதம் 7,000 கட்டினால் நீங்கள் போடுவது 4,20,000, கைக்கு வருவது 4,99,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஐந்து லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். 5 சிகரெட்டில் நின்றுவிட்டவர் மாதம் 4,200 போட முடியும், அவருக்கு வருவது மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே, அதுவும் ஐந்து வருஷம் சிகரெட் விலை ஏறாமல் இருந்தால். ஆர்டி வேண்டாம், வேறு முதலீடு தெரியும் என்றால் அதில் போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. தவணை சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடிக்கும்படி இருந்தால் போதும்.

டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும் வயது உங்களுக்கு. புகைப்பவருக்கு பிரீமியம் கணிசமாகக் கூடுதல். பொதுவாகக் கடைசி 12 மாதத்தில் புகையிலை தொட்டீர்களா என்று கேட்பார்கள். 4 பிடிப்பவரும் 12 பிடிப்பவரும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான். பொய் எழுத வேண்டாம். நிகோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினினைச் சிறுநீரில் பார்த்தால் தெரிந்துவிடும், பின்னால் குடும்பம் க்ளெய்ம் கேட்கும்போது அந்தப் பொய்தான் குறுக்கே நிற்கும். கம் போட்டுக்கொண்டிருந்தாலும் கோட்டினின் காட்டும், ஆகவே கம்மையும் விட்டு ஒரு வருஷம் கழித்து விலை கேளுங்கள்.

கடைசியாக, நடுவில் ஒன்று பிடித்துவிட்டால்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். விட்ட ஐந்தாவது மாதம் சித்தப்பா இறந்தார். துக்க வீட்டில் பந்தலுக்குப் பின்னால் நின்று, யாரோ நீட்டியதை வாங்கி இரண்டு பிடித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தேன், ஆர்டியை நிறுத்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. போஸ்ட் ஆபீஸில் தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். எனக்கு அந்த அபராதம் கட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டு வந்தேன்.